ஜிடிஸ்கிரிப்ட் படிக்கிறீர்களா? டாக்ஸ் தேடும்போது இந்தத் தவறுகள் வேண்டாம்

கேம் செய்யும் மென்பொருளான கோடோ எஞ்சினில், அதன் சொந்த நிரல்மொழியான ஜிடிஸ்கிரிப்ட்டில் எழுத உட்கார்ந்தவர்கள் ஒரு வாரத்துக்குள் சொல்லும் புகார் ஒன்று உண்டு: "இதுக்கு ஒழுங்கான டாக்குமெண்டேஷனே இல்லையே." உண்மையில் டாக்ஸ் என்று சுருக்கமாகச் சொல்லும் அந்த விளக்கப் பக்கங்கள் ஏராளமாக இருக்கின்றன, நன்றாகவும் எழுதியிருக்கிறார்கள், எல்லாம் இலவசம். கையில் கிடைத்த பக்கம் எந்த வெர்ஷனுக்கு எழுதப்பட்டது என்று பார்க்காமல் காப்பி அடிப்பதில்தான் பாதி நேரம் வீணாகிறது.

கோடோ 3.0 வந்தது 2018 ஜனவரியில். 4.0 வந்தது 2023 மார்ச்சில், வரும்போது ஜிடிஸ்கிரிப்ட் மொழியையே பல இடங்களில் மாற்றிக்கொண்டு வந்தது. நடுவில் இருந்த ஐந்து வருடத்தில் ஆட்கள் எழுதிக் குவித்த டுடோரியல், வீடியோ, கேள்வி பதில் எதுவும் அழியவில்லை, தேடினால் இன்றும் அவைதான் பல சமயம் முதலில் வந்து நிற்கின்றன. அவை தப்பானவை இல்லை, அந்தந்தக் காலத்துக்குச் சரியானவை. உங்கள் கணினியில் இருப்பது வேறு வெர்ஷன், அவ்வளவுதான்.

ஒரே ஒரு உதாரணத்தை விரிவாகப் பார்க்கலாம். பாத்திரத்தை நகர்த்த எல்லோரும் பயன்படுத்துவது மூவ் அண்ட் ஸ்லைடு என்ற ஃபங்ஷன். கோடோவில் கேமைக் கட்டும் ஒவ்வொரு துண்டுக்கும் நோட் என்று பெயர், 3 இல் இதற்கான நோட்டின் பெயர் கைனமேட்டிக்பாடி2டி. வேகத்தை நீங்களே ஒரு வேரியபிளில் வைத்து, அடைப்புக்குறிக்குள் கொடுத்து, அது திருப்பித் தருவதை மறுபடி அதே வேரியபிளில் வாங்கிக்கொள்ள வேண்டும். 4 இல் நோட்டின் பெயர் கேரக்டர்பாடி2டி, வெலாசிட்டி அந்த நோட்டுக்குள்ளேயே இருக்கிறது, அதில் மதிப்பைப் போட்டுவிட்டு வெறும் அடைப்புக்குறியோடு கூப்பிட்டால் போதும். பழைய வரியை அப்படியே ஒட்டினால் ஆர்க்யுமெண்ட் அதிகமாக இருக்கிறது என்று எடிட்டர் எரர் காட்டும். புதிதாக வந்தவருக்கு இதில் வெர்ஷன் சிக்கல் இருப்பது தெரியவே தெரியாது, தன் எழுத்துப்பிழை என்று நினைத்து கமாவையும் இடைவெளியையும் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருப்பார்.

பழைய பக்கத்தை அடையாளம் காண்பது பெரிய வேலை இல்லை. எக்ஸ்போர்ட், ஆன்ரெடி இரண்டுக்கும் முன்னால் @ குறி இல்லையென்றால் அது 3. அவெயிட் இருக்க வேண்டிய இடத்தில் யீல்டு இருந்தால் 3. சீனை, அதாவது நோட்டுகளின் தொகுப்பை, கொண்டுவர இன்ஸ்டன்ஷியேட் என்று எழுதாமல் இன்ஸ்டன்ஸ் என்று எழுதியிருந்தாலும், ஏதோ நடந்தது என்று ஒரு நோட் அறிவிக்கும் சிக்னலை இணைக்கும்போது செல்ஃப் என்று போட்டு ஃபங்ஷன் பெயரை மேற்கோள் குறிக்குள் கொடுத்திருந்தாலும் அதே கதைதான். அந்தப் பக்கத்திலிருந்து யோசனையை எடுத்துக்கொள்ளலாம், கோடை எடுக்காதீர்கள்.

அதிகாரபூர்வ டாக்ஸ் தளத்திலேயே இன்னொரு பொறி இருக்கிறது. முகவரியின் நடுவில் ஸ்டேபிள், லேட்டஸ்ட் அல்லது 3.6 போன்ற ஒரு எண் வரும். லேட்டஸ்ட் என்றதும் புதுசு, நல்லது என்று தோன்றும். அது இன்னும் வெளியாகாத, இப்போது செய்துகொண்டிருக்கும் வெர்ஷனுக்கானது, அதில் உள்ள ஒரு ஃபங்ஷன் உங்கள் எடிட்டரில் இல்லாமலே போகலாம். வெளியான வெர்ஷனுக்கு ஸ்டேபிள். ஆறு மாதத்துக்கு முன் டவுன்லோடு செய்த எடிட்டரையே ஓட்டிக்கொண்டிருக்கிறீர்கள் என்றால் அதுவும் வேண்டாம், உங்கள் எண்ணையே தேர்ந்தெடுங்கள். 4 க்குள்ளேயும் மாற்றங்கள் உண்டு. 4.3 இல் சின்னச் சின்னக் கட்டங்களால் தளம் அமைக்கும் டைல்மேப் நோட்டை ஓரங்கட்டிவிட்டு டைல்மேப்லேயர் கொண்டுவந்தார்கள், அதற்கு முன் வந்த தளம் கட்டும் டுடோரியல் எல்லாம் பழைய நோட்டைத்தான் காட்டும்.

இதையெல்லாம் யோசிக்கவே வேண்டாம் என்றால் எடிட்டரில் எஃப்1 அழுத்துங்கள். ஒவ்வொரு நோட் வகையிலும் (கிளாஸ்) என்னென்ன இருக்கிறது என்று சொல்லும் கிளாஸ் ரெஃபரன்ஸ் முழுவதும் எடிட்டருக்குள்ளேயே இருக்கிறது, இணையம் வேண்டாம், உங்கள் வெர்ஷனோடு கச்சிதமாகப் பொருந்தும். கோடில் ஒரு பெயர் மேல் கன்ட்ரோலை அழுத்திக்கொண்டு கிளிக் செய்தாலும் அந்தப் பெயருக்கான பக்கம் திறக்கும். இது தெரியாமல் மாதக்கணக்கில் பிரவுசரும் எடிட்டருமாக மாறி மாறி அலைகிறவர்கள் இருக்கிறார்கள்.

சரி, கிளாஸ் ரெஃபரன்ஸைத் திறந்தாயிற்று. அடுத்த தவறு அங்கேதான். கேரக்டர்பாடி2டி பக்கத்தில் பொசிஷன் என்று தேடுவார்கள், இருக்காது. "இதைக்கூட எழுதவில்லையே" என்று மூடிவிடுவார்கள். பக்கத்தின் உச்சியில் அந்த கிளாஸின் பரம்பரையே இருக்கிறது: கேரக்டர்பாடி2டிக்கு மேலே பிசிக்ஸ்பாடி2டி, அதற்கு மேலே கொலிஷன்ஆப்ஜெக்ட்2டி, பிறகு நோட்2டி, கேன்வாஸ்ஐட்டம், நோட், கடைசியில் ஆப்ஜெக்ட். பொசிஷன் நோட்2டி பக்கத்தில் இருக்கும். மறைக்கவும் நிறம் மாற்றவும் வேண்டிய விசிபிள், மாடுலேட் இரண்டும் கேன்வாஸ்ஐட்டத்தில். எதிரியைச் சீனிலிருந்து நீக்கும் க்யூ ஃப்ரீ நோட்டில். தாத்தா வீட்டுச் சொத்தைப் பேரன் வீட்டில் தேடினால் எப்படிக் கிடைக்கும், ஒவ்வொரு படியாக மேலே போய்ப் பாருங்கள். எந்த நோட்டுக்கும் சொந்தமில்லாத கிளாம்ப், லெர்ப், ரேண்டம் எண் தருபவை எல்லாம் குளோபல்ஸ்கோப் என்ற தனிப் பக்கத்தில் இருக்கின்றன. ப்ரீலோடு, ரேஞ்ச் போன்றவை ஜிடிஸ்கிரிப்ட் என்ற பெயரிலேயே உள்ள இன்னொரு பக்கத்தில்.

பெயரைக் கண்டுபிடித்ததும் விளக்கத்தைப் படிக்காமல் ஓடிவிடுவதும் உண்டு. இதனால் வரும் பிரபலமான கோளாறு டெல்டா, அதாவது முந்தைய ஃப்ரேமிலிருந்து கடந்த நேரம். "எதையும் டெல்டாவால் பெருக்கு" என்று எங்கோ கேட்டதை வைத்து வெலாசிட்டியையும் பெருக்கிவிடுவார்கள். வெலாசிட்டியின் கணக்கு நொடிக்கு இத்தனை பிக்சல் என்பது, மூவ் அண்ட் ஸ்லைடு டெல்டாவைத் தானே சேர்த்துக்கொள்ளும். பிசிக்ஸ் வழக்கம்போல நொடிக்கு 60 முறை ஓடும்போது 300 ஐ டெல்டாவால் பெருக்கினால் 5 தான் வரும், பாத்திரம் நொடிக்கு 5 பிக்சல் என்று ஊர்ந்துகொண்டிருக்கும். ஆனால் புவியீர்ப்பை வெலாசிட்டியோடு கூட்டும்போது டெல்டா வேண்டும், ஏனென்றால் அது முடுக்கம். மூவ் அண்ட் கொலைடுக்கும் வேண்டும், அதற்குக் கொடுப்பது அந்த ஒரு ஃப்ரேமில் நகர வேண்டிய தூரம். குழப்பம் நியாயமானதுதான். ஆனால் வெலாசிட்டியின் விளக்கத்திலேயே டெல்டாவால் பெருக்கிய மதிப்பைப் போடாதே என்று இருக்கிறது, படிக்க அரை நிமிடம் ஆகாது.

பைத்தான் தெரிந்தவர்களுக்குத் தனியாக ஒன்று. ஜிடிஸ்கிரிப்ட் பார்க்க பைத்தான் மாதிரியே இருப்பதால் பைத்தான் டாக்ஸைத் திறந்துவைத்து எழுதுகிறார்கள். ட்ரை எக்செப்ட் இங்கே கிடையாது, டியூப்பிள் கிடையாது, லிஸ்ட் காம்ப்ரிஹென்ஷன் கிடையாது. இவை எரராவது காட்டும். 5 / 2 என்று போட்டால் பைத்தான் 3 இல் 2.5 வரும், இங்கே 2 வரும், கேம் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும், ஹெல்த் பார் மட்டும் கோணல்மாணலாக நடந்துகொள்ளும்.

ஏஐயிடம் கேட்பது தவறு என்று சொல்ல மாட்டேன். ஆனால் அது 3 ஐயும் 4 ஐயும் ஒரே பதிலில் கலந்துவிடும், அதுவும் கொஞ்சமும் தயங்காமல். அது சொல்லும் ஃபங்ஷன் பெயரை எஃப்1 தேடலில் போட்டுப் பாருங்கள். அங்கே வராவிட்டால் ஒன்று பழைய பெயர், இல்லையென்றால் கற்பனை. பழைய பெயர் என்று சந்தேகம் வந்தால் டாக்ஸ் தளத்தில் 3 இலிருந்து 4 க்கு மாறுவதற்கென்று ஒரு பக்கம் இருக்கிறது, மாறிய பெயர்களின் நீண்ட பட்டியலே அதில் கிடைக்கும்.

அப்புறம், எல்லாவற்றையும் முதல் பக்கத்திலிருந்து படித்து முடித்துவிட்டுத்தான் தொடங்குவேன் என்று உட்காராதீர்கள். கிளாஸ் ரெஃபரன்ஸ் அகராதி மாதிரி வேண்டியபோது புரட்டுவதற்கு. தொடக்கத்துக்கு அதே தளத்தில் உள்ள முதல் 2டி கேம் டுடோரியல் போதும், எதிரிகள் மேல் படாமல் தப்பித்து ஓடும் சின்ன கேம் அது. அதை முடித்ததும் இன்னொரு டுடோரியலுக்குப் போவதைவிட அதிகாரபூர்வ டெமோ ப்ராஜெக்டுகளைத் திறந்து கோடைப் படிப்பது எவ்வளவோ மேல், ஓடுகிற கோட் என்பதால். அவை இருக்கும் கோட் பகிரும் தளமான கிட்ஹப்பில் பழைய வெர்ஷன்களுக்குத் தனிக் கிளைகள் (பிராஞ்ச்) உண்டு, டவுன்லோடு செய்யும் முன் சரியான கிளைதானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். 3 க்கான ப்ராஜெக்டை 4 க்கு மாற்றித் தரும் வசதி எடிட்டரில் இருந்தாலும் அது எல்லாவற்றையும் சரியாக மாற்றுவதில்லை, மிச்சத்தை நீங்கள்தான் கையால் சரிசெய்ய வேண்டியிருக்கும்.