பழைய சூப்பர்சார்ஜர் கார் கீழ் ஆர்.பி.எம்.மில் திணறினால் எங்கே தேடுவது?

பழைய சூப்பர்சார்ஜர் (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் பம்ப்) கார் வைத்திருப்பவர்கள் என்னிடம் கொண்டுவரும் புகார் பெரும்பாலும் இதுதான்: “3,000-க்கு மேலே போனால் பறக்கிறது, கீழேதான் திணறுகிறது. சூப்பர்சார்ஜர் போயிடுச்சா?” இருக்காது என்றுதான் சொல்வேன். சூப்பர்சார்ஜர் கெட்டால் சத்தம் போட்டுக் காட்டிக்கொடுக்கும், இல்லையென்றால் எல்லா வேகத்திலும் இழுவை குறையும். ஐடிலிங்கிலிருந்து 2,500 ஆர்.பி.எம். (எஞ்சின் நிமிடத்துக்குச் சுற்றும் எண்ணிக்கை) வரை மட்டும் தகராறு என்றால் என் முதல் சந்தேகம், கணக்கில் வராத காற்று எங்கோ உள்ளே புகுகிறது என்பதே. மெக்கானிக்குகள் பாஷையில், எஞ்சின் ஏர் இழுக்கிறது.

கழற்ற ஆரம்பிக்கும் முன் ஓட்டிப் பாருங்கள். எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு, காலியான சாலையில், மூன்றாவது கியரில் 1,500 ஆர்.பி.எம்.மில் வைத்து ஆக்சிலரேட்டரை மெதுவாக அழுத்துங்கள். ஒரு கணம் செத்தாற்போல் நின்று அப்புறம் இழுத்தால், அது காற்று-பெட்ரோல் கணக்குப் பிரச்சினை, அல்லது த்ராட்டில் (ஆக்சிலரேட்டரை அழுத்தினால் திறக்கும் காற்றுக் கதவு) சென்சார். மெதுவாக அழுத்தினால் ஒழுங்காகப் போய், முழுக்க அழுத்தினால் மட்டும் டொக் டொக் என்று ஜெர்க் அடித்தால் இக்னிஷன் பக்கம் போங்கள். காலை அசைக்காமல் வைத்திருக்கும்போதே வண்டி முன்னும் பின்னும் ஊசலாடினால் பைபாஸ் வால்வு (அது என்னவென்று பின்னால் சொல்கிறேன்). காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது மட்டும் திணறினால் கூலன்ட் டெம்பரேச்சர் சென்சாரைப் பாருங்கள். சிறிய ஏர் லீக்கும் அந்த நேரத்தில்தான் பெரிதாகத் தெரியும். ஆக்சிஜன் சென்சார் சூடாகித் திருத்தம் செய்யத் தொடங்கும்வரை கம்ப்யூட்டர் குருட்டுக் கணக்கில்தான் பெட்ரோல் ஊற்றுகிறது.

அடுத்தது ஸ்கேனர். ஃபால்ட் கோடு ஒன்றும் இல்லை என்பதால் மூடிவைத்துவிடாதீர்கள். லைவ் டேட்டாவில் ஃபியூயல் டிரிம் எண்களை (கம்ப்யூட்டர் பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டியோ குறைத்தோ திருத்துகிறது என்பதை) பாருங்கள், ஷார்ட் டெர்ம், லாங் டெர்ம் இரண்டையும் கூட்டி. ஐடிலிங்கில் ஒரு முறை, 2,500-ல் நிறுத்தி ஒரு முறை. ஐடிலிங்கில் +15, 2,500-ல் +3 என்று வந்தால் வேக்யூம் லீக் (முன்பு சொன்ன ஏர் லீக்தான்) கிட்டத்தட்ட உறுதி. ஓட்டையின் அளவு மாறுவதில்லை; எஞ்சின் குறைவாக மூச்சிழுக்கும் நேரத்தில் அந்த ஓட்டைக் காற்றின் பங்கு அதிகம், ஆர்.பி.எம். ஏறினால் அது கரைந்துபோகும். மாறாக, லோடு ஏற ஏற பிளஸ் எண்ணும் ஏறினால், ஏர்ஃப்ளோ சென்சார் அழுக்காகிக் குறைத்துச் சொல்கிறது, அல்லது பெட்ரோல் பம்ப், ஃபில்டர் சோர்ந்துவிட்டது. ஐடிலிங்கில் மைனஸ் அதிகம் என்றால் எங்கிருந்தோ பெட்ரோல் கூடுதலாக வருகிறது. பெட்ரோல் பிரஷர் ரெகுலேட்டரின் வேக்யூம் ஹோஸைப் பிடுங்கி மோந்து பாருங்கள். உள்ளே பெட்ரோல் ஈரம் இருந்தால் டயாஃப்ரம் (உள்ளே இருக்கும் சவ்வு) கிழிந்திருக்கிறது.

இந்தக் கணக்கு ஏர்ஃப்ளோ சென்சார் உள்ள எஞ்சினுக்குத்தான். 2000-களின் முதல் பாதியில் வந்த மினி கூப்பர் எஸ் போன்றவற்றில் அந்த சென்சாரே கிடையாது. மேனிஃபோல்டு (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் குழாய்) அழுத்தத்தை வைத்தே காற்றைக் கணக்கிடுகிறார்கள். அங்கே ஓட்டை வழியாக வரும் காற்றும் அழுத்தமாகக் கணக்கில் சேர்ந்துவிடும், அதனால் டிரிம் எண்கள் நல்ல பிள்ளையாக இருக்கும். ஐடிலிங் வழக்கத்தைவிட ஏறியிருப்பதும், அதைக் குறைக்க த்ராட்டில் ஏறத்தாழ மூடியே கிடப்பதும்தான் அங்கே தடயம்.

சரி, லீக் இருக்கிறது. எங்கே தேடுவது? இதற்கு முன் ஒரு கேள்விக்கு விடை தெரிய வேண்டும்: த்ராட்டில் எங்கே இருக்கிறது, சூப்பர்சார்ஜருக்கு முன்னாலா, பின்னாலா? பலர் இதைப் பார்ப்பதே இல்லை. ஜிஎம் 3800 சூப்பர்சார்ஜர் எஞ்சினிலும், அந்த மினியிலும் த்ராட்டில் முன்னால். அப்படியானால் ஐடிலிங்கில் த்ராட்டிலுக்குப் பின்னால் உள்ள எல்லாமே வேக்யூமில் கிடக்கிறது: சூப்பர்சார்ஜர் கேஸ்கெட், இன்டர்கூலர் (அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் பாகம்) இருந்தால் அதன் ரப்பர் இணைப்புகள், மேனிஃபோல்டு, எல்லாம். அதே இடங்கள் பூஸ்ட் (சூப்பர்சார்ஜர் தரும் கூடுதல் அழுத்தம்) ஏறும்போது அழுத்தத்துக்கு மாறிவிடும். ஒரே ஓட்டை கீழே காற்றை உள்ளே இழுக்கும், மேலே வெளியே ஊதும். மெர்சிடிஸ் எஸ்எல்கே 230 போன்றவற்றில் த்ராட்டில் சூப்பர்சார்ஜருக்கும் இன்டர்கூலருக்கும் பின்னால் இருக்கிறது. அங்கே இன்டர்கூலர் பைப் கிழிந்தால் பூஸ்ட் போகும், ஆனால் மேனிஃபோல்டு வேக்யூம் அந்தக் கிழிசலுக்கு எட்டாது. ஐடிலிங் லீக்கை த்ராட்டிலுக்கும் சிலிண்டர் ஹெட்டுக்கும் நடுவேயும், அங்கிருந்து கிளம்பும் ஹோஸ்களிலும்தான் தேட வேண்டும். தேடும் இடம் பாதியாகக் குறைந்துவிடுகிறது பாருங்கள்.

எந்த எஞ்சினாக இருந்தாலும் நான் முதலில் கைவைப்பது கிராங்க்கேஸ் பிரீதர் ஹோஸில் (எஞ்சினின் அடிப்பகுதியில் சேரும் ஆவியைக் காற்றுப் பாதைக்குக் கொண்டுபோகும் குழாய்). ஆயில் ஆவி உள்ளிருந்தே ரப்பரைத் தின்றுவிடும். மேலிருந்து டார்ச் அடித்துப் பார்த்தால் கருகருவென்று முழுசாகத் தெரியும். வளைவின் அடிப்பக்கத்தில் விரலை விட்டு அழுத்துங்கள். நல்ல ஹோஸ் எதிர்த்து நிற்கும். கெட்டது பிசுபிசுவென்று உள்ளே போகும், விரல் நுனியில் கருப்பு மை ஒட்டும். வளைத்துப் பிடித்தால் மயிரிழையாக இருந்த கோடு வாயைத் திறக்கும். வண்டியில் பொருத்திய நிலையில் அந்தக் கோடு மூடியே இருக்கும், எஞ்சின் அசையும்போது மட்டும் திறக்கும். அதனால்தான் திணறல் வந்து வந்து போகிறது.

கண்ணில் படவில்லை என்றால் ஸ்மோக் டெஸ்ட்தான் (காற்றுப் பாதைக்குள் புகையை ஏற்றி, எங்கே கசிகிறது என்று பார்ப்பது) நல்ல வழி. 1 பி.எஸ்.ஐ.க்குள் அழுத்தம் வைத்தால் போதும். ஸ்மோக் மெஷின் இல்லையா, தண்ணீர் ஸ்பிரே பாட்டில் போதும். ஐடிலிங்கில் ஓடவிட்டு ஒவ்வொரு இணைப்பிலும் லேசாகப் பீய்ச்சுங்கள். ஓட்டையைத் தண்ணீர் அடைக்கும் அந்தக் கணத்தில் எஞ்சின் சத்தம் மாறும். இக்னிஷன் காயில், வயர் பக்கம் மட்டும் தண்ணீர் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கார்புரேட்டர் கிளீனரை அடித்துப் பார்க்கும் பழக்கம் பலருக்கு உண்டு. சூடான எக்ஸாஸ்ட்டுக்குப் பக்கத்தில் தீப்பற்றும் திரவத்தைத் தெளிப்பது எனக்குச் சரிப்படவில்லை.

பைபாஸ் வால்வைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் சாதாரண எஞ்சின் பார்த்தே பழகியவர்களுக்கு இது புதுசு. ரூட்ஸ் வகை சூப்பர்சார்ஜர் பெல்ட்டில் ஓடுவதால் எப்போதும் காற்றைத் தள்ளிக்கொண்டே இருக்கும். பூஸ்ட் தேவையில்லாதபோது அந்தக் காற்றைத் திரும்ப அதன் வாய்க்கே அனுப்பும் மாற்றுப்பாதைதான் பைபாஸ். பரவலான அமைப்பில், மேனிஃபோல்டு வேக்யூம் ஒரு டயாஃப்ரத்தை இழுத்து வால்வைத் திறந்து வைக்கும். ஆக்சிலரேட்டரை அழுத்தியதும் வேக்யூம் விழும், ஸ்பிரிங் வால்வை மூடும். டயாஃப்ரம் கிழிந்தால் வால்வு மூடியே கிடக்கும், ஐடிலிங்கும் கீழ் வேகமும் முரட்டுத்தனமாக இருக்கும், போதாக்குறைக்கு அந்தக் கிழிசலே ஒரு ஏர் லீக். சோதிக்க, ஆக்சுவேட்டர் ஹோஸைக் கழற்றி ஹேண்ட் வேக்யூம் பம்ப் மாட்டுங்கள். ஆக்சுவேட்டரின் கை (வால்வை ஆட்டும் கம்பி) முழுதாக நகர்ந்து, பம்ப்பை நிறுத்திய பிறகும் அப்படியே நிற்க வேண்டும். மெல்ல நழுவித் திரும்பினால் டயாஃப்ரம் போய்விட்டது. நின்றாலும், விடுவித்ததும் டக்கென்று திரும்பாமல் பாதியில் தயங்கினால் ஷாஃப்ட்டில் ஆயில் பிசின் படிந்திருக்கிறது. சுத்தம் செய்தாலே சரியாகிவிடும். சில மாடல்களில் எலக்ட்ரிக் மோட்டார்தான் வால்வை ஆட்டும், அங்கே ஸ்கேனரில் பொசிஷன் எண்ணைப் பார்க்க வேண்டும்.

த்ராட்டில் பொசிஷன் சென்சார் பழைய பொட்டென்ஷியோமீட்டர் வகை என்றால், முள் உள்ள அனலாக் மீட்டரை மாட்டி, இக்னிஷன் ஆன், எஞ்சின் ஆஃப் நிலையில் மெல்லத் திறந்து பாருங்கள். முள் தங்குதடையின்றி ஏற வேண்டும். நகர ஓட்டத்தில் த்ராட்டில் அதிக நேரம் நிற்பது ஐடிலிங்குக்குச் சற்று மேலே, அதனால் உள்ளே இருக்கும் தடம் அங்கேதான் தேயும். முள் குதிப்பதும் அங்கேதான்.

இக்னிஷன் பக்கம் வேலை எளிது. பூஸ்ட்டில் சிலிண்டருக்குள் காற்று அடர்ந்திருப்பதால் ஸ்பார்க் தாண்ட அதிக வோல்டேஜ் வேண்டும். தேய்ந்து இடைவெளி கூடிய பிளக், சோர்ந்த காயில் இரண்டும் ஐடிலிங்கில் நடித்துவிடும், லோடு வந்ததும் மாட்டிக்கொள்ளும். பிளக் இடைவெளி உங்கள் எஞ்சினின் கையேட்டில் உள்ளபடியே இருக்கட்டும். சூப்பர்சார்ஜர் இல்லாத அதே எஞ்சினின் அளவை வைக்காதீர்கள்.

ஈ.ஜி.ஆர். வால்வு (எக்ஸாஸ்ட் வாயுவில் கொஞ்சத்தைத் திரும்ப எஞ்சினுக்குள் விடுவது) திறந்தே சிக்கிக்கொண்டாலும் இதே திணறல்தான் வரும், அதையும் ஒரு கை பார்த்துவிடுங்கள். கடைசியாக சூப்பர்சார்ஜர். ஐடிலிங்கில் முன்பக்கம் கலகலவென்று சத்தம் வந்து, 1,500-க்கு ஏற்றினால் அடங்கினால் உள்ளே கப்ளர் (சுழற்சியைக் கடத்தும் இணைப்பு) தேய்ந்திருக்கிறது. சத்தம் எரிச்சல்தான், திணறலுக்குக் காரணம் பெரும்பாலும் அதுவல்ல.

ரிப்பேர் முடிந்ததும் பழைய டிரிம் கணக்கை ஸ்கேனரில் அழித்துவிடுங்கள். இல்லாவிட்டால் இல்லாத ஓட்டைக்குக் கம்ப்யூட்டர் கொஞ்ச நேரம் பெட்ரோல் ஊற்றிக்கொண்டிருக்கும், “மாற்றியும் சரியாகவில்லையே” என்று அடுத்த பார்ட்ஸைக் கழற்றத் தோன்றும். நிதானமாகவும் கொஞ்சம் விரட்டியும் ஓட்டிவிட்டு, அதே இரண்டு இடங்களில், ஐடிலிங்கிலும் 2,500-லும், எண்களைத் திரும்பப் பாருங்கள். இரண்டும் ஐந்துக்குள் நின்றால் பானட்டை மூடலாம்.