அலுவலக லேப்டாப்பில் கண்காணிப்பு இருக்கிறதா? நீங்களே பார்த்துவிடலாம்

இதற்குத் தொழில்நுட்ப அறிவு தேவையில்லை. செட்டிங்ஸைத் திறக்கத் தெரிந்தால் போதும். எதையும் மாற்றாதீர்கள், அழிக்காதீர்கள். பார்த்தால் மட்டும் போதும்.

படி 1: கணினி யார் கையில்?
விண்டோஸில் செட்டிங்ஸ், அக்கவுண்ட்ஸ், 'ஆக்சஸ் வொர்க் ஆர் ஸ்கூல்' என்று போங்கள். அங்கே நிறுவனத்தின் பெயர் இணைந்திருந்தால், பெரும்பாலும் உங்களைக் கேட்காமலே அவர்களால் மென்பொருள் ஏற்ற முடியும். திரையைப் படம் பிடிக்கிறார்கள் என்று அதற்கு அர்த்தமில்லை.

படி 2: பிரௌசர்
குரோமின் மூன்று புள்ளி மெனுவில் கடைசியில் 'மேனேஜ்டு பை யுவர் ஆர்கனைசேஷன்' என்று இருக்கிறதா? அதைக் கிளிக் செய்தால், நிறுவனம் ஏற்றிய எக்ஸ்டென்ஷன்களைக் குரோமே காட்டிவிடும்.

படி 3: சான்றிதழ்
பலரும் கவனிக்காமல் விடுவது இதைத்தான். சான்றிதழ் என்பது, தளம் அசலானதுதான் என்று பிரௌசருக்குக் காட்டும் டிஜிட்டல் அத்தாட்சி. பாதுகாப்பான இணையதளத்தில் நீங்கள் எழுதுவதை நெட்வொர்க்கால் படிக்க முடியாது. தளத்தின் பெயர் மட்டுமே தெரியும். ஆனால் நிறுவனம் தன் சொந்த ரூட் சான்றிதழை, அதாவது கணினி கேள்வி கேட்காமல் நம்பும் அடிப்படைச் சான்றிதழை, உங்கள் கணினியில் போட்டிருந்தால், நடுவிலேயே பிரித்துப் படிக்கலாம். முகவரிப் பட்டையின் இடது ஓரத்து ஐகானை அழுத்தி, 'கனெக்‌ஷன் இஸ் செக்யூர்', அப்புறம் 'சர்டிஃபிகேட் இஸ் வேலிட்' என்று போங்கள். வழங்கியவர் இடத்தில் டிஜிசெர்ட், லெட்ஸ் என்கிரிப்ட் போன்ற பொதுவான சான்றிதழ் அமைப்பின் பெயர் இருந்தால் சரி. உங்கள் நிறுவனத்தின் பெயரோ பாதுகாப்பு மென்பொருளின் பெயரோ இருந்தால், நடுவில் பிரிக்கப்படுகிறது. வங்கித் தளங்களுக்கு விலக்கு தருவது உண்டு, அதனால் இரண்டு மூன்று தளங்களில் பாருங்கள்.

சான்றிதழ் சரியாக இருப்பதாலேயே நிம்மதி அடைய வேண்டாம். விசை அழுத்தங்களைப் பதியும் மென்பொருள் கணினிக்குள்ளேயே வேலை செய்கிறது. குரோமின் தனி விண்டோவான இன்காக்னிட்டோவும் உதவாது, அது பிரௌசரில் வரலாறு சேராமல் பார்த்துக்கொள்ளும், அவ்வளவுதான்.

படி 4: எழுத்தில் கேளுங்கள்
எதைப் பதிகிறீர்கள், யார் பார்ப்பார்கள், எவ்வளவு காலம் வைத்திருப்பீர்கள்? மூன்றையும் மனிதவளத் துறைக்கு மெயிலில் கேளுங்கள். இது மரியாதைக் குறைவான கேள்வி அல்ல, தயங்காதீர்கள். அலுவலக மெசஞ்சரில் சொந்த விஷயம் பேசியதற்காக ருமேனியாவில் வேலையிழந்த ஓர் ஊழியரின் வழக்கில், அவருடைய அந்தரங்க உரிமை காக்கப்படவில்லை என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2017இல் தீர்ப்பளித்தது. கண்காணிப்பின் அளவை அவருக்கு முன்கூட்டியே சொன்னார்களா என்பது அதில் முக்கியக் கேள்வியாக இருந்தது. நியூயார்க் மாநிலத்தில் 2022 மே முதல், கண்காணிப்பு உண்டு என்பதை ஊழியர் வேலைக்குச் சேரும்போதே நிறுவனம் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். இந்தியாவின் 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, வேலை தொடர்பான சில காரணங்களுக்கு ஊழியரின் ஒப்புதல் இல்லாமலே தரவைக் கையாள இடம் தருகிறது. அதனால்தான் நாமே கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது.

படி 5: சொந்த விஷயங்களை வெளியே எடுங்கள்
வாட்ஸ்அப் வெப், சொந்த ஜிமெயில், சேமித்த பாஸ்வேர்டுகள் எல்லாவற்றிலிருந்தும் அலுவலகக் கணினியை விலக்குங்கள். மருத்துவர், வக்கீல், வேறு வேலை தேடுவது எல்லாம் சொந்த போனில், சொந்த டேட்டாவில் நடக்கட்டும். அலுவலக வைஃபை வேண்டாம். கண்காணிப்பு மென்பொருளை நீக்க மட்டும் முயலாதீர்கள். அதுவே உங்கள் மேல் நடவடிக்கை எடுக்கக் காரணமாகிவிடும்.