நெல்லின் பூர்வீகத்தை மரபணு வழியே தேடுவது எப்படி: தொடக்கநிலைச் செய்முறை

ஆசிய நெல் எந்தக் காட்டு நெல்லிலிருந்து வந்தது என்று கேட்டால், முழு மரபணுத்தொகை (செடியின் டிஎன்ஏ முழுவதும்) ஒரு பதில் சொல்லும். மணி உதிராமல் கதிரிலேயே நிற்கச் செய்யும் ஒற்றை மரபணு வேறொரு பதில் சொல்லும். இரண்டு பதிலையும் வாங்கி, ஏன் முரண்படுகின்றன என்று பார்ப்பதே இந்தச் செய்முறை. ஆய்வுக்கூடம் தேவையில்லை. தரவுகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. கணினியும் கொஞ்சம் பொறுமையும் போதும்.

படி 1: ஒரு மரபணுவைத் தேர்ந்தெடுங்கள்

காட்டு நெல் முற்றியதும் மணியை உதிர்த்துவிடும், தரையோடு படரும், நீண்ட மீசை வைத்திருக்கும், அரிசி சிவந்திருக்கும். இவை மாறிய பிறகே அது வயல் நெல் ஆனது. முதல் முயற்சிக்கு எஸ்ஹெச்4 என்ற மரபணு நல்லது. 4ஆம் குரோமோசோமில் இருக்கிறது. 2006இல் அடையாளம் காணப்பட்டது. டிஎன்ஏவின் நான்கு எழுத்துகளில் குவானின் இருந்த ஓரிடத்தில் தைமின் வந்தது, அவ்வளவுதான். அதனால் புரதத்தில் லைசின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் அஸ்பராஜின் அமர்ந்தது. மணி காம்பிலிருந்து பிரியும் அடுக்கு சரியாக உருவாகவில்லை. (உதிராமைக்கு இது மட்டுமே காரணம் அல்ல. வேறு மரபணுக்களும் உண்டு.)

அரிசியை வெள்ளையாக்கிய ஆர்சி மரபணுவும் பிரபலம்தான். ஆனால் அங்கே நடந்தது 14 எழுத்துகள் தொலைந்துபோன மாற்றம். ஒற்றை எழுத்து மாற்றங்களை மட்டும் கொண்ட கோப்பில் அது தெரியவே தெரியாது. அதை இரண்டாம் முயற்சிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

படி 2: தரவைச் சேகரியுங்கள்

சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஸ்னிப்-சீக் தளத்தில் 3,010 நெல் ரகங்களின் தரவு இருக்கிறது. ஒப்பிடுவதற்கான மூலப்பிரதி, 2005இல் வெளியான நிப்பான்பாரே ரகத்தின் தொகை: 12 குரோமோசோம்கள், ஏறத்தாழ 39 கோடி எழுத்துகள்.

காட்டு நெல்லில் ரூஃபிபோகன், நிவாரா இரண்டும் வேண்டும். பின்னால் வரையப்போகும் உறவு மரத்துக்கு வேர் வைக்க, சற்றுத் தள்ளிய உறவான வெளி இனம் ஒன்றும் தேவை. ஆப்பிரிக்கக் காட்டு நெல்லான பார்த்தியை எடுங்கள். அங்கே பயிரிடப்படும் கிளேபெரிமா வேண்டாம். காரணம் கடைசியில் வருகிறது.

பலர் இடறும் இடம் காட்டு நெல் மாதிரிகள்தான். வயலோரத்தில் வளரும் காட்டு நெல்லில் பக்கத்து வயலின் மகரந்தம் கலந்திருக்கும். பயிரின் எஸ்ஹெச்4 வடிவமே சில ‘காட்டு’ மாதிரிகளில் கிடைக்கிறது. அதைப் பார்த்ததும் ‘மூதாதையைக் கண்டுபிடித்துவிட்டேன்’ என்று குதித்துவிடாதீர்கள்.

படி 3: வடிகட்டுங்கள்

விசிஎஃப்டூல்ஸ் என்ற மென்பொருளைக் கொண்டு, நிறைய மாதிரிகளில் தகவல் விடுபட்ட இடங்களை நீக்குங்கள். நெல் பெரும்பாலும் தன் மகரந்தச் சேர்க்கை செய்யும் பயிர். ஆகவே தாய்வழி, தந்தைவழிப் பிரதிகள் இரண்டிலும் ஒரே எழுத்துதான் இருக்க வேண்டும். ஓரிடத்தில் ஏராளமான ரகங்கள் ஒவ்வொன்றும் இருவேறு எழுத்துகளைக் காட்டினால், பெரும்பாலும் அது மூலப்பிரதியோடு தவறாகப் பொருத்தப்பட்ட பகுதி. தயங்காமல் நீக்கலாம்.

படி 4: முழுத் தொகையிடம் கேளுங்கள்

பிளிங்க் மென்பொருளில் முதன்மைக் கூறு பகுப்பாய்வு (ஒத்த ரகங்களை அருகருகே புள்ளிகளாக வைக்கும் கணக்கு) செய்து, பிறகு ஒரு மரம் வரையுங்கள். இண்டிகா, ஆஸ், நறுமண வகை, வெப்பமண்டல ஜப்பானிகா, மிதவெப்ப ஜப்பானிகா என்று பயிர் நெல்லின் ஐந்து கூட்டங்கள் பிரிந்து நிற்கும். கவனிக்க வேண்டியது காட்டு நெல் எங்கே நிற்கிறது என்பதை. இண்டிகாவுக்கு அருகில் ஒரு பகுதி, ஜப்பானிகாவுக்கு அருகில் வேறொரு பகுதி. அதாவது, இரண்டுக்கும் மூதாதைகள் வேறு.

படி 5: ஒற்றை மரபணுவிடம் கேளுங்கள்

இப்போது எஸ்ஹெச்4 பகுதியை மட்டும் வெட்டியெடுத்து, மெகா மென்பொருளில் மரம் வரையுங்கள். இண்டிகாவும் ஜப்பானிகாவும் ஒரே கிளையில் கலந்து நிற்கும்! இந்த மாற்றம் ஒருமுறைதான் தோன்றியது என்று மரம் சொல்கிறது.

மரபணுவின் இருபுறமும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து, ஒவ்வொரு பகுதிக்கும் தனி மரம் வரைந்து பாருங்கள். எந்த இடத்தில் மரம் மறுபடி படி 4இன் வடிவத்துக்குத் திரும்புகிறதோ, அதுவரைதான் ஒரு கூட்டத்திலிருந்து இன்னொன்றுக்குக் கலப்பில் கைமாறிய துண்டு. என் கணக்கில் முழுச் செய்முறையிலும் சுவையான வேலை இதுதான்.

முரண்பாட்டை இப்படிப் படிக்கலாம்: மருமகள் கொண்டுவந்த நகை அந்த வீட்டின் வம்சத்தைச் சொல்லாது, நகை வந்த வழியைச் சொல்லும். வம்சம் வேறு, உதிராத தன்மை வந்த வழி வேறு.

2012இல் ஓர் ஆய்வுக் குழு 446 காட்டு நெல், 1,083 பயிர் நெல் தொகைகளை ஆராய்ந்தது. ஜப்பானிகா முதலில் தென்சீனத்தின் முத்து ஆற்றுப் பகுதியில் பயிரானது, பிறகு உள்ளூர்க் காட்டு நெல்லோடு கலந்து இண்டிகா பிறந்தது என்றது. 2015இல் வேறொரு குழு அதே தரவை எடுத்து, இண்டிகா, ஜப்பானிகா, ஆஸ் மூன்றும் தனித்தனியே பயிராயின என்றது. எந்தப் பகுதிகளை மனிதத் தேர்வின் தடமாகக் கொள்வது என்பதிலேயே முடிவு மாறிவிட்டது. மூதாதைகள் பல, முக்கிய மாற்றங்கள் மட்டும் ஒரே இடத்திலிருந்து பரவின என்ற விளக்கமே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

படி 6: தேர்வின் தடம்

ஒரு லட்சம் எழுத்துகள் கொண்ட பகுதிகளாகப் பிரித்து, காட்டு நெல்லின் பன்மையை (மாதிரிகளுக்கிடையே எழுத்துகள் எவ்வளவு வேறுபடுகின்றன என்ற அளவை) பயிர் நெல்லின் பன்மையால் வகுங்கள். விகிதம் திடீரென எகிறும் இடங்களில் உழவர்கள் ஒரே வடிவத்தைத் திரும்பத் திரும்பத் தேர்ந்திருக்கலாம்.

படி 7: காலக்கணக்கு

புல்லினங்களுக்கு, 100 கோடி எழுத்துகளில் ஆண்டுக்கு 6.5 மாற்றங்கள் என்ற வேகத்தைப் பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். பயிற்சிக்கு, இரு ரகங்களிடையே ஒரு லட்சம் எழுத்துகளுக்கு 520 வேறுபாடு என்று வைப்போம். 0.0052ஐ அந்த வேகத்தின் இருமடங்கால் வகுத்தால் 4 லட்சம் ஆண்டுகள். (இரு கிளைகளும் மாறுவதால்தான் இருமடங்கு.) உழவே இல்லாத காலம்! காட்டு மூதாதைகள் பிரிந்த காலம் அது, பயிரான காலம் அல்ல. பயிரான காலத்தை அகழாய்வுதான் சொல்ல வேண்டும். சீனாவின் யாங்சி ஆற்றின் கீழ்ப்பகுதியில் உள்ள தியான்லுவோஷான் அகழாய்வுத் தளத்தில், உதிராத வகை மணிகளின் பங்கு ஏறக்குறைய 300 ஆண்டுகளில் 27 சதவீதத்திலிருந்து 39 சதவீதமாக மெல்ல உயர்ந்திருக்கிறது. சுமார் 6,900 முதல் 6,600 ஆண்டுகளுக்கு முந்தைய கதை.

கிளேபெரிமாவை ஏன் ஒதுக்கச் சொன்னேன்? மேற்கு ஆப்பிரிக்காவில் பார்த்தியிலிருந்து தனியாகப் பயிரானது அது. அங்கும் இதே மரபணுதான் பழுதானது, ஆனால் வேறோர் எழுத்தில்: புரதம் பாதியிலேயே நின்றுபோகிறது, மணியும் சிறுத்துவிடுகிறது. வெளி இனமாக அதை வைத்தால் எஸ்ஹெச்4இன் பழைய வடிவம் எது என்று கணிப்பதில் குழப்பம் வரும். அடுத்த பயிற்சிக்கு கிளேபெரிமாவையும் பார்த்தியையும் அருகருகே வைத்து, பழுதான எழுத்தை நீங்களே கண்டுபிடியுங்கள்.