லூம் கேமை மறுபடி விளையாடுவது எப்படி

மருதமுனையில் தறிச் சத்தத்தோடு வளர்ந்த எனக்கு, 1990இல் லூகாஸ்ஃபிலிம் கேம்ஸ் வெளியிட்ட லூம் (தறி) என்ற கம்ப்யூட்டர் கேம் மேல் தனிப் பிரியம். நெசவாளர் கூட்டத்துப் பையன் பாபின் நான்கு ஸ்வரங்களால் மந்திரம் போடுகிற கதை. சாவு கிடையாது, பை நிறையப் பொருள் சேர்க்கவும் தேவையில்லை.

முதலில் பழைய கேம்களை ஓட்டும் ஸ்கம்விஎம் என்ற இலவச மென்பொருளை இறக்குங்கள், போனிலும் ஓடும். அதில் ‘ஆட் கேம்’ அமர்த்தி, கேம் இருக்கும் போல்டரைக் காட்டினால் சரி. 16 நிறப் பழைய பதிப்பும், 256 நிறத்தில் குரலோடு வந்த சிடி பதிப்பும் உண்டு. சிடியில் உரையாடலைச் சுருக்கிவிட்டார்கள். அதனால் நான் சொல்வது பழையதைத்தான்.

அப்புறம் ஒரு கொப்பியும் பென்சிலும். இதை விட்டுவிடாதீர்கள். பெரும்பாலான மந்திரங்களின் ஸ்வரங்கள் ஒவ்வொரு புதிய ஆட்டத்திலும் மாறும், பழைய குறிப்பு உதவாது. ஆனால் கதைத் தொடக்கத்தில் ஒரு முட்டையிடம் கற்கும் ‘திற’ மந்திரம் மாறாது: மேலைநாட்டு ஸ்வர எழுத்தில் ஈ, சி, ஈ, டி. அதையே பின்னிருந்து டி, ஈ, சி, ஈ என்று வாசித்தால் மூடும். சாயம் ஏற்றும் மந்திரத்தைத் திருப்பினால் சாயம் போகும். புதிதாக எது கிடைத்தாலும் உடனே திருப்பிப் பாருங்கள்.

முன்பே முடித்தவர்கள் எக்ஸ்பர்ட் நிலையையே எடுங்கள். பாபின் மந்திரம் வாசிக்கும் கோலில் எழுத்து மின்னாது, காதால் பிடிக்க வேண்டும். ஹெட்போன் கட்டாயம், பின்னணியில் வருவது சைக்கோவ்ஸ்கியின் பாலே இசை.