ஒவ்வொருவருக்கும் கடைசிப் பதிவு மட்டும் வேண்டுமா?

குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வாங்கும் ஒரு கடைக்குக் கணக்கு மென்பொருள் எழுதினேன். ஒவ்வொரு விவசாயியின் பாலிலும் கடைசியாகப் பார்த்த டிஆர்சி, அதாவது உலர் ரப்பர் சதவீதம், திரையில் வர வேண்டும். தரவுத்தளத்திடம் கேட்கும் எஸ்க்யூஎல் வினவலில், வரிகளை விவசாயி வாரியாகக் குழுவாக்கும் 'குரூப் பை' போட்டு, ஆகப் பெரியதைத் தரும் 'மேக்ஸ்' வைத்துக் கடைசித் தேதியை எடுத்தேன். தேதி சரி, பக்கத்தில் 38 நிற்க வேண்டிய இடத்தில் போன மழைக்காலத்து 31! மைஎஸ்க்யூஎல் என்ற தரவுத்தள மென்பொருளின் பழைய பதிப்புகள் அப்படித்தான், குழுவில் ஏதோ ஒரு வரியின் மதிப்பை எடுத்து ஒட்டிவிடும். 5.7 பதிப்பில் இயல்பாகவே பிழை காட்டி நிறுத்திவிடுகிறது, நல்லவேளை.

இதற்கு, வரிகளுக்கு 1, 2, 3 என்று எண் போடும் 'ரோ நம்பர்'தான் சரி. குழு பிரிக்கும் 'பார்ட்டிஷன் பை'யில் விவசாயி எண், வரிசைப்படுத்தும் 'ஆர்டர் பை'யில் தேதி, இறங்குவரிசையில், அதாவது புதியது முதலில். இதை உள் வினவலாக வைத்து, வெளியே 1 என்று எண் விழுந்த வரிகளை மட்டும் எடுங்கள். மைஎஸ்க்யூஎல்லில் 8.0 முதல் உண்டு. போஸ்ட்கிரஸ் என்ற இன்னொரு தரவுத்தளம் என்றால், குழுவுக்கு முதல் வரியை மட்டும் தரும் 'டிஸ்டிங்ட் ஆன்' இன்னும் சுருக்கம்.

ஒரே நாளில் ரெண்டு தடவை பால் கொண்டுவருகிறவர்களும் உண்டு. தேதி சமமானால் எந்த வரி முந்தும் என்று சொல்ல முடியாது. அதனால் தேதிக்குப் பின்னால் பதிவு எண்ணையும் இறங்குவரிசையில் சேர்த்துவிடுங்கள். டேபிள் பெருத்துவிட்டால் விவசாயி எண், தேதி, பதிவு எண் என்ற இதே வரிசையில் ஒரே இண்டெக்ஸ், அதாவது வேகமாகத் தேட உதவும் அகரவரிசை போன்ற பட்டியல், போடுங்கள்.