டஸ்டர் ஏடபிள்யூடியில் 4×4 விளக்கு மின்னுகிறதா? கப்ளிங்கில் கை வைக்கும் முன் இதையெல்லாம் பாருங்கள்

ஒரகடம் ஆலையில் தயாரான ரெனோ டஸ்டரின் ஏடபிள்யூடி (நான்கு சக்கரமும் இழுக்கும்) மாடல் 2014-ல் விற்பனைக்கு வந்தது. 2020-ல் பிஎஸ்6 புகை விதி வந்ததும் அதன் டீசல் எஞ்சின் தயாரிப்பே நின்றுபோனது. ஆகவே இன்று கைக்குக் கிடைப்பது எல்லாமே வயசான வண்டிதான். அப்படி ஒரு வண்டியில் டாஷ்போர்டு விளக்கு மின்னுகிறது, 4×4 குமிழை லாக்கில் (பின்சக்கரத்தையும் இழுக்கவைக்கும் நிலையில்) வைத்தும் பின்சக்கரம் இழுக்கவில்லை என்றால், "கப்ளிங் போச்சு சார்" என்ற பதில் சீக்கிரமே வந்துவிடும். விலை கேட்டால் தலை சுற்றும். என் கணக்கில் கப்ளிங்தான், அதாவது இழுவையைப் பின்சக்கரத்துக்கு இணைத்துவிடும் பாகம்தான், கடைசியாகச் சந்தேகப்பட வேண்டிய ஆள்.

காரணம், அது இயங்கும் விதம். பின் டிஃபரன்ஷியலுக்கு (இரண்டு பின்சக்கரங்களுக்கும் இழுவையைப் பிரிக்கும் கியர் பெட்டிக்கு) முன்னால் உட்கார்ந்திருக்கும் கப்ளிங்குக்குள் ஒரு காந்தக் காயிலும் கிளட்ச் தட்டுகளும் இருக்கின்றன. கண்ட்ரோல் யூனிட் காயிலுக்குக் கரண்ட் விட்டால் ஒரு சின்ன கிளட்ச் பிடிக்கும், அது பெரிய கிளட்சை அழுத்தும், இழுவை பின்சக்கரத்துக்குப் போகும். எவ்வளவு கரண்ட் விடலாம் என்று முடிவெடுக்க யூனிட் மற்றவர்களிடம்தான் கேட்டுக்கொள்கிறது. நான்கு சக்கர வேகமும் ஏபிஎஸ்ஸிடமிருந்து (பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) வரும், ஆக்சிலரேட்டர் நிலை எஞ்சின் கம்ப்யூட்டரிடமிருந்து வரும், நம் விருப்பத்தைக் குமிழ் சொல்லும். இதில் யாராவது தப்பாகச் சொன்னாலும், சொல்லாமல் விட்டாலும், யூனிட் கரண்டை நிறுத்திவிட்டு விளக்கைப் போட்டுவிடும்.

(பழைய ஸ்கார்பியோ, சஃபாரி 4×4 வேறு கதை. அங்கே ஒரு எலக்ட்ரிக் மோட்டார், இழுவையை முன்னும் பின்னும் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸின் கியரையே மாற்றுகிறது. பேட்டரி, எர்த் சோதனைகள் அவற்றுக்கும் பொருந்தும், மற்றவை பொருந்தாது.)

தேவையானவை: ஒரு மல்டிமீட்டர், இரண்டு வயர் பற்றவைத்த 12 வோல்ட் 21 வாட் இண்டிகேட்டர் பல்பு, ஏபிஎஸ் கோடுகளையும் (கோளாறு எண்களையும்) படிக்கும் ஸ்கேனர், உங்கள் மாடலுக்கான வயரிங் படம். மலிவு புளூடூத் ஸ்கேனர்கள் பெரும்பாலும் எஞ்சின் கோடுகளோடு நின்றுவிடும், ஏமாந்துவிடாதீர்கள்.

படி 1: கழற்றாமல் பார்க்க வேண்டியவை

விளக்கு எப்போது வருகிறது என்று முதலில் கவனியுங்கள். சேற்றிலோ மணலிலோ சக்கரம் நெடுநேரம் சுழன்ற பிறகு மட்டும் மின்னி, வண்டியை நிறுத்திவைத்தால் தானாக அணைந்தால், அது சூடு. கப்ளிங் தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது, அவ்வளவுதான்.

அடுத்து டயர். நம் ஊரில் இரண்டு டயர் மட்டும் மாற்றும் பழக்கம் அதிகம். 215/65 ஆர்16 டயரின் விட்டம் சுமார் 686 மில்லிமீட்டர். முன்னால் 8 மி.மீ. பட்டன் (டயரின் மேடு) உள்ள புது டயர், பின்னால் 3 மி.மீ.க்குத் தேய்ந்தது என்றால் விட்டத்தில் 10 மி.மீ. வித்தியாசம், ஏறக்குறைய ஒன்றரை சதவீதம். நேர் ரோட்டில் போகும்போதும் முன்சக்கரமும் பின்சக்கரமும் வேறு வேறு வேகத்தில் சுற்றுவதாகத்தான் யூனிட் பார்க்கும். நான்கிலும் ஒரே சைஸ், ஒரே அளவு தேய்மானம், கம்பெனி சொன்ன காற்று இருக்கிறதா என்று பாருங்கள்.

படி 2: பேட்டரி

வண்டி ஓய்வில் 12.6 வோல்ட் பக்கம் இருக்க வேண்டும். ஸ்டார்ட் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே விழக் கூடாது. எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை. இதில் குறை இருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். பலவீனமான பேட்டரி சம்பந்தமில்லாத நாலைந்து விளக்குகளை ஒன்றாக எரியவிடும்.

படி 3: ஏபிஎஸ் விளக்கும் சேர்ந்து எரிகிறதா?

எரிந்தால் 4×4-ஐ மறந்துவிட்டு ஏபிஎஸ்ஸைச் சரிசெய்யுங்கள். பாதி வழக்கு இங்கேயே முடிந்துவிடும்.

ஸ்கேனரில் சி0035 என்று வந்தால் இடது முன்சக்கர வேக சென்சார், சி0040 வலது முன், சி0045 இடது பின், சி0050 வலது பின். சில ஸ்கேனர்கள் ரெனோவின் சொந்த எண்களைக் காட்டும், ஆனால் எந்தச் சக்கரம் என்பது அதிலும் தெரியும். கோடு வந்ததும் சென்சார் வாங்க ஓடாதீர்கள். ஸ்கேனரின் லைவ் டேட்டாவில் (வண்டி ஓடும்போதே காட்டும் அளவுகள்) நான்கு சக்கர வேகத்தையும் திறந்துவைத்து, வேறொருவரை ஓட்டச் சொல்லி, நேர் ரோட்டில் 20 கி.மீ. வேகத்தில் போங்கள். மூன்று 20 காட்ட ஒன்று மட்டும் பூஜ்யத்துக்கும் 20-க்கும் இடையே தாவினால், ஆள் சிக்கிவிட்டது.

அந்தச் சக்கரத்தில் சென்சார் வயர் எலி கடித்ததா, சஸ்பென்ஷனில் உரசியதா என்று பாருங்கள். எல்லாம் நன்றாக இருந்தும் சிக்னல் இல்லையா? சமீபத்தில் பேரிங் மாற்றினீர்களா என்று யோசியுங்கள். இந்தத் தலைமுறை வண்டிகள் பலவற்றில் சென்சாருக்கான காந்த வளையம் பேரிங்கின் ஒரு பக்க சீலிலேயே இருக்கும். பார்த்தால் சாதாரண கறுப்பு ரப்பர் போலத்தான் தெரியும். பேரிங்கைத் திருப்பிப் போட்டு அழுத்திவிட்டால் சக்கரம் ஜோராகச் சுற்றும், சென்சாருக்கு மட்டும் ஒன்றும் தெரியாது. பேரிங் மாற்றிய மறுநாளே விளக்கு வந்திருந்தால் இதைத்தான் முதலில் சந்தேகிப்பேன். நேராகப் போட்டிருந்தாலும், வளையத்தில் இரும்புத்தூள் அப்பியிருந்தால் இதே தொல்லை வரும்.

இப்படிக் காந்த வளையத்தைப் படிக்கும் ஹால் வகை சென்சாரை ஓம் வைத்து அளந்து நல்லது கெட்டது சொல்ல முடியாது. லைவ் டேட்டாதான் சாட்சி.

படி 4: குமிழ்

லைவ் டேட்டாவில் குமிழ் நிலையைப் பார்த்தபடி 2 வீல், ஆட்டோ, லாக் என்று திருப்புங்கள். திரையும் கூடவே மாறினால் குமிழ் சரி. மாறாவிட்டால் யாராவது அதன் மேல் டீ கொட்டியிருக்கலாம்.

படி 5: கரண்டும் எர்த்தும்

ஆரம்பக்காரர்கள் சறுக்கும் இடம் இதுதான், கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

ஃபியூஸ் பெட்டி மூடியில் உள்ள படத்தைப் பார்த்து, சம்பந்தப்பட்ட ஃபியூஸை எடுத்து மீட்டரில் கண்டினியூட்டி (உள்ளே அறுபடாமல் இருக்கிறதா என்று) பாருங்கள். கண்ணால் பார்த்து "நல்லாத்தான் இருக்கு" என்று திரும்பப் போடுவது போதாது. ஃபியூஸ் சரி என்றால், சாவியை அணைத்துவிட்டு வயரிங் படத்தின்படி கண்ட்ரோல் யூனிட் கனெக்டரைக் கழற்றுங்கள். பிறகு சாவியைப் போட்டு அளந்தால் மீட்டர் 12.4 வோல்ட் என்று அழகாகக் காட்டும். நம்பாதீர்கள். மீட்டர் இழுக்கும் கரண்ட் இல்லாததற்குச் சமம். வயருக்குள் இருபது இழை அறுந்து ஒரே இழை மிச்சமிருந்தாலும் அதே 12.4-தான் வரும்.

அதற்குத்தான் 21 வாட் பல்பு. பவர் வரும் பின்னுக்கும் எர்த் பின்னுக்கும் நடுவில் அதைக் கொடுங்கள் (இந்த இரண்டு பின்களில் மட்டும், சிக்னல் பின்களில் வேண்டவே வேண்டாம்). சுமார் ஒன்றே முக்கால் ஆம்பியர் இழுக்கும். பளிச்சென்று எரிந்தால் லைன் சரி. மங்கலாக எரிந்தால் பல்பு எரியும்போதே மீட்டரின் ஒரு முனையை எர்த் பின்னிலும் மறுமுனையை பேட்டரி நெகட்டிவிலும் வையுங்கள். 0.1 வோல்ட்டுக்கு மேல் போனால் எர்த் பாயிண்டைக் கழற்றி உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இறுக்கி முடுக்குங்கள். எர்த் நன்றாக இருந்தால் கோளாறு பாசிட்டிவ் பக்கம்.

படி 6: வண்டிக்கு அடியில்

பாதுகாப்பு முதலில்: சக்கரத்துக்குக் கட்டை, வண்டிக்கு ஸ்டாண்டு. வெறும் ஜாக்கியை நம்பி உள்ளே போகாதீர்கள். ஏடபிள்யூடி வண்டியில் இரண்டு சக்கரத்தை மட்டும் தூக்கிவிட்டு கியர் போட்டு ஓட்டவும் கூடாது, வண்டி ஸ்டாண்டை விட்டுப் பாய்ந்துவிடும்.

சாவியை அணைத்துவிட்டு கப்ளிங் கனெக்டரை உருவுங்கள். சேறும் தண்ணீரும் தினமும் படும் இடம். பின்களில் பச்சைக் களிம்பு பிடித்திருந்தால் காண்டாக்ட் கிளீனர் அடித்துத் துடையுங்கள். சீல் ரப்பர் கிழிந்திருந்தால் மாற்றுங்கள், இல்லாவிட்டால் அடுத்த மழையிலேயே திரும்ப வரும். கப்ளிங் பக்கத்துப் பின்களில் காயிலை அளந்தால் சில ஓம் மட்டும் வரவேண்டும். சரியான அளவு சர்வீஸ் மேனுவலில் இருக்கும். முடிவிலி காட்டினால் காயில் அறுந்தது. காயில் பின்னுக்கும் வண்டி பாடிக்கும் இடையே எந்தத் தொடர்பும் வரக் கூடாது.

படி 7: "யூனிட் பேசவில்லை" என்று கோடு வந்தால்

யு0114, யு0121 போன்றவை வந்தால் கேன் லைன், அதாவது யூனிட்கள் ஒன்றோடொன்று பேசும் வயர் ஜோடி. பேட்டரியைக் கழற்றிக் கொஞ்ச நேரம் விட்டு, ஓபிடி சாக்கெட்டின் (ஸ்கேனர் செருகும் இடம்) 6, 14-ஆம் பின்களுக்கு நடுவே ஓம் பாருங்கள். சுமார் 60 வந்தால் சரி. 120 என்றால் ஒரு பக்கம் அறுந்திருக்கிறது, பூஜ்யத்தை ஒட்டி வந்தால் ஷார்ட். இதற்கு மேல் ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் விடுவதே நல்லது, நீங்கள் எடுத்த அளவுகளை எழுதிக்கொண்டு போங்கள்.

படி 8: சரியானதா?

கோடுகளை அழித்துவிட்டு, ஈரமண் மைதானத்தில் லாக்கில் வைத்து முதல் கியரில் சட்டென்று கிளப்புங்கள். வெளியே ஒருவர் நின்று, பின்சக்கரமும் மண்ணை வாரி இறைக்கிறதா என்று பார்க்கட்டும். காய்ந்த தார் ரோட்டில் இதைச் செய்யாதீர்கள். விளக்கு வராமல், வயரும் காயிலும் நன்றாக இருந்தும், பின்சக்கரம் சும்மாவே நின்றால் இப்போது கப்ளிங்கின் கிளட்சைச் சந்தேகிக்கலாம்.