கணத்தாக்கம் வயரில் ஓடும் கரண்ட் அல்ல

வெள்ளவத்தையில் உயர்தர மாணவர்களுக்கு உயிரியல் சொல்லிக்கொடுக்கிறேன். நரம்புத் தொகுதிக்கு வந்ததும் வருடாவருடம் அதே பிழைகள். நன்றாகப் படிக்கிற பிள்ளைகளும் இதில் புள்ளி இழப்பதைப் பார்க்கக் கவலையாக இருக்கிறது.

பெரும்பாலான பிழைகளுக்கு வேர் ஒன்றுதான்: நரம்பு ஒரு வயர், அதற்குள் கரண்ட் ஓடுகிறது என்ற எண்ணம். ஆடிவேல் விழா ஊர்வலம் காலி வீதியால் வரும்போது கவனித்திருப்பீர்கள். ஓரிடத்தில் எழும் "அரோகரா" பக்கத்தவர், அதற்குப் பக்கத்தவர் என்று வீதி நெடுகப் போகும். ஆட்கள் நின்ற இடத்திலேயே நிற்பார்கள். நரம்பில் போகும் செய்தியான கணத்தாக்கமும் அப்படித்தான். சோடியம் அயன்கள் நரம்புநாரின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் பயணம் செய்வதில்லை. அந்தந்த இடத்தில் நாரைச் சுற்றியுள்ள மென்சவ்வைக் கடந்து உள்ளே வருகின்றன. அதனால் அடுத்த பகுதி தூண்டப்படுகிறது. ஒருமுறை குரல் கொடுத்தவர் மூச்சு வாங்க வேண்டும் அல்லவா? அதுபோல, இப்போதுதான் தூண்டப்பட்ட பகுதியின் சோடியம் கால்வாய்கள், அதாவது சோடியம் நுழையும் வாயில்கள், சிறிது நேரம் மீண்டும் திறக்கா. கணத்தாக்கம் பின்னால் திரும்பாததற்குக் காரணம் இதுவே.

பலமான தூண்டலுக்குப் பெரிய கணத்தாக்கம் என்று எழுதாதீர்கள். ஓய்வில் ஏறத்தாழ −70 மில்லிவோற்றில் இருக்கும் மென்சவ்வு −55 அளவை எட்டினால் முழு அளவில் தாக்க அழுத்தம், அதாவது கணத்தாக்கமாகப் பரவும் மின் மாற்றம், உண்டாகும், எட்டாவிட்டால் இல்லை. தூண்டல் கூடும்போது கூடுவது கணத்தாக்கங்களின் எண்ணிக்கைதான்.

அதிகம் பேர் சறுக்குவது தாக்க அழுத்த வரைபில், மேலேறிய அழுத்தம் இறங்கும் பகுதியில். "சோடியம் பொற்றாசியம் பம்பி வேலை செய்வதால்" என்று எழுதிவிடுகிறார்கள். பொற்றாசியம் கால்வாய்கள் திறந்து, பொற்றாசியம் அயன்கள் வெளியேறுவதால்தான் மென்சவ்வு மீள்முனைவாகிறது, அதாவது ஓய்வு நிலைக்குத் திரும்புகிறது. பம்பி 3 சோடியத்தை வெளியேற்றி 2 பொற்றாசியத்தை உள்ளெடுத்து, செறிவு வித்தியாசத்தைப் பேணுகிறது. ஒரு கணத்தாக்கத்தில் இடம் மாறும் அயன்கள் மிகக் கொஞ்சம். விஞ்ஞானிகள் ஹொட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் 1952இல் விளக்கிய, கடலில் வாழும் கணவாயின் தடித்த நரம்புநாரில், பம்பியை நஞ்சால் நிறுத்தினாலும் கொஞ்ச நேரம் கணத்தாக்கங்கள் போய்க்கொண்டே இருக்கும். இதை நினைவில் வைத்தால் அந்தப் பிழை வராது.

நரம்புநாரைச் சுற்றியிருக்கும் மயலின் கவசம் கணத்தாக்கத்தைக் கடத்துவதில்லை, அது காவலி. தாக்க அழுத்தம் அந்தக் கவசத்தின் இடைவெளிகளான இரன்வியரின் கணுக்களில் மட்டும் உண்டாவதால் வேகம் செக்கனுக்கு 120 மீற்றர் வரை போகிறது.

அமைப்பில் பெரிய சிக்கல் இல்லை. மூளையும், முதுகெலும்புக்குள் ஓடும் முண்ணாணும் மைய நரம்புத் தொகுதி. 12 சோடி மண்டையோட்டு நரம்புகளும் 31 சோடி முண்ணாண் நரம்புகளும் சுற்றயல் நரம்புத் தொகுதி. ஆனால் உள்ளுறுப்புகளைத் தானாக இயக்கும் நரம்புகளில், பரிவு நரம்பு எல்லாவற்றையும் தூண்டும், பரபரிவு எல்லாவற்றையும் அடக்கும் என்று பாடமாக்க வேண்டாம். இதயத்தை வேகப்படுத்தும் பரிவு நரம்பே குடலின் அசைவைக் குறைக்கிறது.

அப்புறம், நினைக்காமலே நடக்கும் தெறிவினையில் மூளைக்கு எதுவும் தெரியாது என்பதும் பிழை. தேத்தண்ணிக் கேத்தலில் கை சுட்டால், முண்ணாண் வழியாகக் கை முதலில் விலகிவிடும். அதே செய்தி மூளைக்கும் போகிறது. "ஐயோ" என்று வலி தெரிவது அது போய்ச் சேர்ந்த பிறகுதான்.